எண்பதில் நின்ற பற்றரி: வல்வெட்டித்துறையிலிருந்து கொக்குவில் வரை

அண்ணை கப்பல் வேலைக்குப் போன பிறகு இந்த வலைப்பக்கத்தில் புதிதாக எதுவும் வரவில்லை. படமும் தூரக்கணக்கும் அவருடையவை, எழுத்து என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் கீரிமலைக்கோ காரைநகருக்கோ மோட்டார் சைக்கிளில் போவோம். ஏதாவதொரு மரநிழலில் மடிக்கணினியை விரித்து, வீடு திரும்பமுன் பதிவை எழுதி முடித்துவிடுவோம். "நீ எழுது, நான் வடை வாங்கிக்கொண்டு வாறன்" என்று போகிறவர் பாதி வடையைத் தின்றுவிட்டுத்தான் வருவார். அப்போது பற்றரி நான்கு மணித்தியாலம் தாங்கியது.

இப்போது அது நாற்பது நிமிடம்தான். "உது இனி உதவாது, மாமியின்ரை பெடியனிட்டைக் குடுப்பம்" என்று அப்பா போன கிழமை சொன்னார். மாமி வீடு மருதனார்மடத்தில். கணினி அங்கே போனால் இந்தப் பக்கமும் அதோடு முடிந்தது. அப்பாவுக்கு இப்படியொரு பக்கம் இருப்பதே தெரியாது. எனக்கு இது சாதாரணதரப் பரீட்சை வருடம். ஊர் சுற்றிய கதைகளை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தால் என்ன நடக்குமோ என்று பயம். அதனால்தான் விசேட வகுப்பு என்று பொய் சொல்லிவிட்டு நேற்று, சனிக்கிழமை, கணினியைத் திருத்தத் தனியாகப் புறப்பட்டேன்.

காலை 7.40க்கு வல்வெட்டித்துறைச் சந்தியில் பேருந்து ஏறினேன். தொண்டைமானாறு, அச்சுவேலி, நீர்வேலி வழியாக யாழ்ப்பாணம் சுமார் முப்பது கிலோமீற்றர், கட்டணம் 130 ரூபாய். இடப்பக்கம் இருந்தால் தொண்டைமானாற்றுப் பாலத்தில் நல்ல காற்று வரும். நான் எதையும் பார்க்கவில்லை. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, புத்தகம் ஓடிப்போயிடுமோ?" என்றார் நடத்துனர். பிறகு உற்றுப் பார்த்தார். "நீ வள்ளச் சாமான் கடைக்காரற்றை மகளெல்லே?"

"ஓம்."

"யாழ்ப்பாணத்திலையோ வகுப்பு?"

"ஓம்" என்றேன். அதற்குப் பிறகு கோப்பாய் வரும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

8.55க்குப் பேருந்து நிலையம். அங்கிருந்து காங்கேசன்துறை வீதியால் போகும் சிற்றூர்தியில் கொக்குவிலுக்குப் பதினைந்து நிமிடம், நாற்பது ரூபாய். கணினி திருத்தும் இடம் கடை போலவே இல்லை. மதில் சூழ்ந்த ஒரு வீட்டின் முன்னறை. திருத்துகிறவர் ஒரு அக்கா, முப்பது வயது இருக்கலாம். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"எங்கையிருந்து வாறீர்?"

"வல்வெட்டித்துறை, அக்கா."

"அதுதானே பாத்தன். எந்தநேரமும் வயரிலை கொழுவினபடியோ?"

"ஓம். அப்பா கழட்ட விடமாட்டார்."

"உங்கடை பக்கத்து லப்டொப் எல்லாம் இப்பிடித்தான் வருது. வள்ளத்துப் பற்றரி எண்டு நினைச்சு நிறைச்சு நிறைச்சே கொல்லுறியள். கீழை என்ன விரிச்சிருக்கு?"

"அம்மா தைச்ச பூப்போட்ட துணி."

"பட்டு மெத்தையும் குடுங்கோ" என்றபடி விசிறியிலிருந்து ஒரு கைப்பிடி தூசியையும் மணலையும் ஊதித் தள்ளினார். பற்றரி வீங்கவில்லை, அதனால் இப்போதைக்கு மாற்றத் தேவையில்லை என்றார். எண்பது வீதத்தோடு மின்னேற்றம் நிற்கும்படி அமைத்தார். கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்கும் தேவையில்லாத செயலிகளை நிறுத்தினார். ஐந்நூறு ரூபாய் வாங்கினார். ஒன்றே காலுக்கு நான் வீட்டில். வெளிச்சத்தைக் குறைத்து, வயர் இல்லாமல் பாவித்தால் இப்போது ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம்.

பின்னேரம் ஆறு மணிக்கு, நான் எதிர்பாராத இடத்தில் அகப்பட்டேன். அப்பா திரையைப் பார்த்துவிட்டு, "விடியக்காலமை நூறு நிண்டது. இப்ப எண்பதுக்கு மேலை ஏறமாட்டனெண்டுது. முடிஞ்சுது" என்றார். உடனே மாமிக்குப் போன் எடுத்து, நாளை காலையே ஆளை அனுப்பச் சொன்னார்.

"அப்பா, அது பழுதில்லை. எண்பதிலை நிக்க வைச்சிருக்கு."

"ஆர் வைச்சது?"

"கொக்குவிலிலை ஒரு அக்கா."

குசினியில் அம்மா தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"ஆரோடை போனனி?"

"தனிய."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் பயம் குறைந்திருக்கும். நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன்: நூறில் வைத்திருப்பது இந்தப் பற்றரிக்குக் கூடாது, சூடும் கூடாது என்று. அப்பா கடையில் பற்றரி விற்கிறவர். கவனமாகக் கேட்டார்.

"வள்ளத்துப் பற்றரியை அரைகுறையா விட்டால் சாகும். இது நிறைச்சு வைச்சால் சாகுமோ?"

"ஓம்."

"விசர்ப் பற்றரி" என்றபடி வயரைக் கழற்றினார். துணியையும் உருவினார். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் கேட்டார்: "சரி, நீ படிக்கிறது இந்த மேசையிலை. பிளக் இஞ்சை இருக்கு. பேந்து என்னத்துக்கு உனக்கு அது ரெண்டு மணித்தியாலம் வயரில்லாமல் நிக்கோணும்?"

நான் உருவின துணியை மடிக்கத் தொடங்கினேன்.

"காலமை சொல்லு. அதைக் கேட்டுப்போட்டு மாமிக்குச் சொல்லுறன்."

இதே வேலைக்குக் கொக்குவில் போகிறவர்களுக்குச் சில விடயங்கள். ஒன்பதரைக்கு முன் கதவு திறக்காது. சார்ஜரையும் கொண்டு போங்கள், அதையும் சோதிப்பார்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தால் மின்னேற்றாமல், அழுத்தாமல், நேரே கொண்டு போங்கள். மடிக்கணினியைத் துணியிலோ மெத்தையிலோ வைக்காதீர்கள். இருபதுக்குக் கீழே இறங்கவிடாமல், எண்பதில் கழற்றிவிடுங்கள். எண்பதில் நிறுத்தும் வசதி பல கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது, தேடிப் பாருங்கள். இவ்வளவையும் செய்தாலும் அண்ணையோடு இருந்த அந்த நான்கு மணித்தியாலம் திரும்பி வராது. தேய்ந்தது தேய்ந்ததுதான். இருப்பதைக் காப்பாற்றலாம். அதுவும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான்.

இப்போது ஞாயிறு அதிகாலை 3.10. என் அறையில், வயர் இல்லாமல், வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி எழுதுகிறேன். அப்பா கேட்டதற்கு வாயால் பதில் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. இதைப் பதிவேற்றியதும் வைஃபையை நிறுத்திவிட்டு, கணினியை அப்பாவின் மேசையில் இந்தப் பதிவு தெரியும்படி திறந்து வைக்கப் போகிறேன். திரை தானாக அணையாதபடி அமைத்துவிட்டேன். அப்பா நாலரைக்கு எழும்புவார். பற்றரி அறுபத்தொன்றில் நிற்கிறது. அதுவரை தாங்கும் என்று நினைக்கிறேன்.