வரேன்னு சொல்லாமல் போனவள்

பைனலில் எங்கள் காலேஜ் தோற்ற அன்று, பாண்டியிலிருந்து வேன் கிளம்பும்போதே எனக்குச் சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. முதலில் ரெஃப்ரி மேல். அந்த ஆள் காலையிலிருந்தே மெட்ராஸ் டீம் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தார். எங்கள் பிள்ளைகள் கொடுத்த டீயை வேண்டாம் என்றார். டீ வேண்டாம் என்கிற ரெஃப்ரி உண்டா உலகத்தில்?

ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்றோம். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எங்கள் கேப்டனை இடித்துத் தள்ளிவிட்டார்கள் என்று அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. கோட்டில் நின்று நிதானமாக வளையத்தில் போடலாம், யாரும் குறுக்கே வரக் கூடாது. ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் கோப்பை எங்களுக்கு. கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவள் அவள். இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தன. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

நான் ஒன்றும் அந்தக் காலேஜில் படித்தவள் இல்லை. பாகூர் கடைத்தெருவில் லேடீஸ் டெய்லர். ஜாக்கெட், சுடிதார், சேலைக்கு ஓரம் அடிப்பது, இதுதான் பிழைப்பு. சில வருஷங்களுக்கு முன்பு பெண்கள் பாஸ்கெட்பால் டீமின் ஜெர்சிக்கு நம்பர் வைத்துத் தைக்கும் வேலை வந்தது. கடைசி ஜெர்சியைக் கொடுக்கப் போனபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. முடிகிற வரைக்கும் வெறும் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை. எந்த ஊரில் மேட்ச் என்றாலும் கடையைச் சாத்திவிட்டு வேனில் ஏறிவிடுவேன். பி.டி. மிஸ்ஸே எனக்கு ஒரு சீட் விட்டுவைப்பார்.

கேப்டன் மணப்பட்டுப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன்கூடையோடு எங்கள் தெருவுக்கு வருகிறவர். டிகிரி முடியப்போகிறது, எம்.ஏ.வும் இங்கேயே படிக்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் இருந்தால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு எங்களுக்கு டீம் உண்டு. அவள் இல்லாவிட்டால் மற்றதுகள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் ஆட்டம் என்று ஒன்று இருக்காது. எனக்கு அந்தக் கோப்பையைவிட இந்த இரண்டு வருஷம்தான் பெரிதாக இருந்தது.

வேன் பாகூர் பஸ் ஸ்டாண்டில் நின்றது. அழுது வீங்கிய முகத்தோடு ஒவ்வொருத்தியாக இறங்கி, "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேப்டன் மட்டும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணப்பட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டி தூக்குகிற மருமகள்கூட வாசலில் நின்று "வரேன்" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் படி இறங்குவாள். வாய் தவறி "போறேன்" என்று சொல்கிற பிள்ளைக்கு அடி விழும். இவள் ஒன்றுமே சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர், கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காத எரிச்சலில் இருந்தார். "இன்னாடி, உன் பொண்ணு தோத்துட்டாளா?" என்றார். அவருக்கு நான் அன்றைக்குச் சோறு போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

அப்புறம் எனக்கு வளையத்தின் மேல் சந்தேகம் வந்தது. பாண்டியில் வளையம் சரியாகத்தான் இருந்திருக்கும், எங்கள் காலேஜில்தான் தாழ்வாக இருக்கிறதோ என்று ஒரு எண்ணம். தாழ்ந்த வளையத்தில் போட்டுப் போட்டுப் பழகினால் அங்கே போய்த் தட்டத்தானே செய்யும்? பத்தடி உயரம் இருக்க வேண்டும் என்று போனில் பார்த்து வைத்துக்கொண்டேன். பத்தடி என்றால் சரியாக என் டேப் ரெண்டு நீளம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய், வாட்ச்மேனிடம் ஏணி வாங்கி, அவரை மேலே ஏற்றினேன். ஜாக்கெட் அளக்கிற டேப் ரெண்டைச் சேர்த்துப் பின் குத்திக் கொடுத்தேன். அதை வளையத்தில் பிடித்துக்கொண்டு, கட்டின நாளிலிருந்து நான் செய்த எல்லாவற்றையும் அவர் சொல்லிக் காட்டினார். கீழே நான் பிடித்துப் பார்த்தேன். நூல் பிசகாமல் சரியாக இருந்தது. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

உண்மையைச் சொன்னால் ரெஃப்ரியையும் வளையத்தையும் நான் சும்மா தேடவில்லை. பைனலுக்கு முன்னால் அவள் ஜெர்சியை என்னிடம்தான் கொடுத்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள், தோளில் தொளதொளவென்று நின்றது. கை நுழைகிற கைக்குழியைக் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தேன். கையைத் தூக்கும்போது அது இறுக்கியிருந்தால்? படுத்தால் இதே நினைப்பு. அதனால்தான் வேறு யார் தலையிலாவது பழியைப் போட முடியுமா என்று அலைந்தேன்.

பழி போட ஒரு தலை தானாகவே கிடைத்தது. ஒரு வாரமாக அவள் அம்மா எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. வேறொரு மீன்காரம்மாவிடம் சங்கரா வாங்கும்போது சும்மா கேட்பது போல விசாரித்தேன். அந்தம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவங்க வூட்டாண்ட மெட்ராஸ் காரு வந்து நின்னுதும்மா. கண்ணாடி போட்ட ஒரு ஆளு, ரொம்ப நேரம் பேசினு இருந்தாரு."

கண்ணாடி போட்ட ஆள் யார் என்று எனக்குத் தெரியும். மெட்ராஸ் டீமின் கோச். ஆட்டம் முடிந்து எல்லாரும் கை கொடுத்துக்கொண்டபோது, எங்கள் கேப்டனை மட்டும் தனியாக நிறுத்தி என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். அப்போது ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போது எல்லாம் சேர்ந்துகொண்டது. காரும் சேர்ந்தது, வெளியே விழுந்த இரண்டு பந்தும் சேர்ந்தது, சொல்லாமல் போனதும் சேர்ந்தது. நம்மை விட்டுப் போகப் போகிறாள், போகிற இடத்துக்கு ஆட்டத்தையும் சீர்வரிசையாகக் கொண்டுபோய்விட்டாள். இப்படி நினைத்ததும், அசிங்கமாகச் சொல்ல வேண்டும் என்றால், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கைக்குழி தப்பித்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலேஜ் வாசப்படி மிதிக்காத உனக்கு எதற்கு இந்தப் பாடு, நேராகப் போய் அவளிடமே கேளேன் என்றார். அந்த மனுஷன் எப்போதாவது ஒரு தடவைதான் உருப்படியாகப் பேசுவார்.

அதற்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பைனலில் தோள் பக்கம் தையல் விட்டுப்போன அவள் ஜெர்சியை வேனிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். பி.டி. மிஸ் என்னிடம் தைக்கக் கொடுத்திருந்தார். அதைத் தைத்து, இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் மணப்பட்டுக்குப் போனேன். வழியெல்லாம் கேட்க வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாமே சண்டை பிடிக்கிற வார்த்தையாகத்தான் இருந்தது.

அவள் வாசலில் உட்கார்ந்து அம்மாவோடு காராப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, செதில் ஒட்டின கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவள் அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது, அதனால்தான் தெருவுக்கு வரவில்லையாம். டீ போடப் போனார். நான் ஜெர்சியை எடுத்துக் கொடுத்தேன். சொல்லிப் பார்த்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"அன்னிக்கு ஏன்டி வரேன்னு சொல்லாம போன?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "எழவு வூட்லேர்ந்து கிளம்பறப்ப யாருனா வரேன்னு சொல்லுவாங்களாக்கா?" என்றாள். சொல்லி முடிக்கும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா? எத்தனை வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு, பேசாமல் எழுந்து வந்திருக்கிறேன். அந்த வேனுக்குள் என்ன கிடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது வெறும் தோல்வி. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் என் புத்தி எங்கே போகும்? அந்தக் கார் யாருடையது என்றும் கேட்டேன்.

ஒளிக்காமல் சொன்னாள். அந்த கோச்தான். எம்.ஏ.வுக்கு அங்கே சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சும்மா, நல்லா ஆடினால் அப்புறம் வேலைக்கும் வழி இருக்கிறது என்றாராம். இவள் ஒன்றும் பதில் சொல்லவில்லையாம். அன்றைக்குப் பந்து ஏன் வெளியே போனது என்றேன். "பயந்துட்டேங்க்கா. வேற ஒண்ணுமில்ல. வளையமே தெரியல," என்றாள். கை இறுக்கியதா என்று கேட்டேன். எந்தக் கை என்று கேட்டாள். அந்த ஒரு பேச்சில் என் ஒரு வாரத் தூக்கம் திரும்ப வந்தது.

டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் அம்மா சொன்னார், அவள் அப்பா போக வேண்டாம் என்கிறார், பி.டி. மிஸ் வேண்டாம் என்கிறார், தெருவே வேண்டாம் என்கிறது என்று. தான் என்ன நினைக்கிறார் என்று மட்டும் அந்தம்மா சொல்லவில்லை. டீ கிளாஸ் கையைச் சுட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னாக்கா சொல்ற?"

"உன் இஷ்டம்," என்றேன்.

நம் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். என் அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார், நான் வீட்டுக்காரரிடம் சொல்கிறேன். போய்த்தான் பாரேன் என்று அர்த்தம். போனால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அர்த்தம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சொன்னேன், சந்தேகமே வேண்டாம். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். தெரு முனை வரைக்கும் வந்து, "பாத்துப் போங்க்கா" என்றாள். போக மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. திரும்பி வரும்போது ஸ்கூட்டி தானாக ஓடியது.

காலேஜ் திறக்கிற நேரத்தில் கடையில் யூனிஃபார்ம் துணி குவிந்து கிடந்தது. மிஷினில் குனிந்திருந்தேன். துணியில் நிழல் விழுந்தது, நிமிர்ந்தேன். புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு நின்றாள். நான் தைத்தது இல்லை, ரெடிமேட். அவள் அப்பா ரோட்டில் ஒரு பெரிய பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பஸ் வருகிற கடலூர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"எல்லாரும் போவாத போவாதன்னாங்க," என்றாள். "நீ ஒருத்திதாங்க்கா என் இஷ்டம்னு சொன்ன. அப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு."

அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். நான் சொன்னது என்னவென்று தெரிந்துகொண்டே இப்படிச் சொல்கிறாளா? இல்லை, நிஜமாகவே அப்படி எடுத்துக்கொண்டாளா? இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது, கொஞ்சம் பயமும்.

பையிலிருந்து அந்த ஜெர்சியை எடுத்து மிஷின் மேல் வைத்தாள். நீயே வைத்துக்கொள் என்றாள். படி இறங்கினவள் நின்று, திரும்பி, என்னைப் பார்த்தாள்.

"போயிட்டு வரேங்க்கா."

போயிட்டு வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வா" மட்டும்தான் வந்தது.