சாமிக்கு வைத்த பழச்செம்பு

வெளிநாட்டில் இலை உதிர்கிற பருவத்தில் சொந்தபந்தம் கூடினால், வைனில் பழங்களை நறுக்கிப் போட்டு, பட்டை கிராம்பு சேர்த்து ஊறவைத்துக் குடிப்பார்களாம். எங்கள் ரேணுகாதேவி மதினி அதைப் போனில் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார்.

"வைன மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் போட்டா எப்படி இருக்கும் கொழுந்தரே?"

மாப்பிள்ளையை மட்டும் விட்டுவிட்டுக் கல்யாணம் நடத்துவது மாதிரி இருக்கும் என்றேன். மதினி சிரிக்கவில்லை. ஐப்பசிப் பொங்கலை நினைத்துத்தான் கேட்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதினியின் கணவர் நல்லமுத்து அண்ணன் அருப்புக்கோட்டையில் மோட்டார் பம்பு சாமான் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவன் அதட்டினால்கூடப் பதில் பேசாத ஆள். ஆனால் திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர் இருளப்பசாமிக்கு அவர்தான் சாமியாடி. ஐப்பசியில் நல்ல மழை ஒன்று விழுந்ததும் பங்காளிகள் கூடிப் பொங்கல் வைப்போம். உச்சிப்பொழுதில் அண்ணன்மேல் சாமி இறங்கும். அதற்கு ஒரு செம்பு பிராந்தி கொடுக்க வேண்டும். ஒரே மூச்சில் குடித்துவிட்டுத்தான் வாக்குச் சொல்லும். அண்ணனுடைய அப்பா ஆடிய காலத்தில் அது சாராயமாக இருந்தது.

சாமி குடித்தது ஐப்பசியில் மட்டும்தான். மற்ற மாதங்களில் அண்ணன் குடித்தார். ஈரல் கெட்டது. இனி ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் தொடவில்லை. அவர் கை நடுங்கும்போதெல்லாம் மதினி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பொங்கல் நெருங்கிவிட்டது. இந்த வருஷம் ஆட வேண்டாம் என்று மதினி கெஞ்சிப் பார்த்தார்.

"நானா ஆடுறேன்? அது வந்துட்டா நான் எங்க இருக்கேன்னே எனக்குத் தெரியாது. அது கேட்டா நான் என்ன செய்ய?" என்றார் அண்ணன்.

மதினி நேராகப் பெரிய பங்காளி சின்னச்சாமிப் பெரியப்பாவிடம் போனார். பிராந்திக்குப் பதில் பழரசம் வைக்கலாமா என்று கேட்டார். சாமியையே ஏமாற்றச் சொல்கிறாயா என்று பெரியப்பா சீறினார்.

"ஏமாத்தல மாமா. அதையும் வைங்க, இதையும் வைங்க. எது வேணுமோ சாமியே எடுத்துக்கிறட்டும்."

பெரியப்பா இரண்டு செம்பு வைக்கச் சம்மதித்தார். எனக்கோ மதினிமேல் கோபம் கோபமாக வந்தது. மாதக்கணக்காக நாக்கு வறண்டு கிடக்கிற மனுஷன் மூக்குக்கு நேரே பிராந்தியை வைத்துவிட்டு, அவர் பழரசத்தை எடுப்பார் என்று நம்புவது துணிச்சலா, பைத்தியமா?

முந்தின நாளே கலந்து வைத்தால் புளித்துப் போதை ஏறிவிடும் என்று பொங்கலன்று காலையில்தான் மதினி வேலையைத் தொடங்கினார். ஓடைக்கரையில் பறித்த சப்பாத்திக்கள்ளிப் பழங்களை நெருப்பில் வாட்டி முள்ளைப் போக்கினார். உள்ளே தொண்டையில் குத்துகிற நட்சத்திர முள்ளையும் தோண்டி எடுத்துவிட்டுப் பிழிந்தார். எங்கள் காட்டில் வேண்டாத செடியாகக் கிடக்கிற கள்ளிக்குள் இப்படி ஒரு சிவப்பு இருந்ததா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பன்னீர் திராட்சையைக் கசக்கிச் சாறெடுத்தார். சுக்கு, பட்டை, கிராம்பு, கருப்பட்டி எல்லாம் போட்டுக் கொதித்த தண்ணீரை ஆறவைத்து வடித்துக் கலந்தார். கடைசியில் நறுக்கிய கொய்யாவும் மாதுளை முத்துகளும் மிதந்தன. ருசி பார்க்கிறேன் என்று கரண்டியை எடுத்தேன். சாமிக்கு முன்னால் யாருக்கும் கிடையாது என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

உச்சிப்பொழுது வந்தது. பீடத்தின் முன்னால் இரண்டு செம்புகள். உறுமிமேளச் சத்தத்தில் அண்ணன் உடம்பு குலுங்கியது. கண் மேலே செருகியது. கடையில் பார்த்த ஆளே இல்லை. கை நேராகப் பிராந்திச் செம்புக்குத்தான் போனது. மதினி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

சாமி அதை வாய்வரைக்கும் தூக்கியது. உறுமிக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். அப்படியே பிடித்திருந்த செம்பை, சாமி மெதுவாகத் தரையில் கவிழ்த்தது. பிராந்தி முழுவதும் மண்ணுக்குள் போனது. பிறகு அடுத்த செம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தது. சிவப்புச் சாறு தாடியில் வழிந்து மார்பெல்லாம் ஓடியது. சாமி கும்பிடுவதில் சோம்பேறியான நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். கவிழ்த்தது சாமியா, அண்ணனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் கும்பிடத்தான் வேண்டும்.

சாமி மலையேறியதும் அண்ணன் மதினி மடியில் கண் விழித்தார். பக்கத்தில் காலிச் செம்பு. சுற்றிலும் பிராந்தி வாடை.

"குடிச்சிட்டேனா?" என்று கேட்டார்.

மதினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன் முகம் செத்துப்போனது. "பிள்ளைகளப் பாத்துக்க" என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்தினார். பல்லுக்கிடையில் ஏதோ நெருடியது. விரலை விட்டு எடுத்துப் பார்த்தார்.

ஒரு மாதுளை முத்து.