என் கடிதம் அவள் அலுமாரியில் இருந்தது

அம்மனை நம்பி வெள்ளிதோறும் இங்கே கூடுகிற உங்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு எரிகிறது. இருந்தாலும் அம்மன் செய்ததை மறைத்து வைப்பது பாவம் என்று தோன்றியதால் சொல்கிறேன்.

அப்போது எங்களிடம் கைபேசி இல்லை. பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கண்டிக்குப் போய் உணவுத் தொழில்நுட்ப டிப்ளோமா படித்தேன். கடைசி வருடம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். இடத்தை நாமே தேடிக்கொள்ள வேண்டும். ஆடி மாதக் கடைசி வெள்ளிக்குள் இடம் கிடைத்த கடிதத்தைக் கல்லூரியில் கொடுக்காவிட்டால் அந்த வருடம் வீண். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். ஒரு வருடம் நின்றால் நானும் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

ஐந்து இடங்களுக்கு விண்ணப்பம் எழுதினேன். இரண்டு இடங்களில் பையன்கள்தான் வேண்டும் என்றார்கள். இரண்டு இடங்களிலிருந்து பதிலே இல்லை. மிச்சம் இருந்தது கண்டியில் ஜாம், சோஸ் செய்யும் ஒரு தொழிற்சாலை. ஒரே ஒரு ஆள்தான் எடுப்பார்கள். கீர்த்தனாவும் அதற்கு விண்ணப்பித்தாள்.

கீர்த்தனா என் வகுப்புத் தோழி. அம்பிட்டியவில் வீடு. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் இருந்தோம். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகமான கந்தோரிலேயே நாட்கணக்கில் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"எங்க வீட்டு அட்ரஸப் போடு. தபால் வந்த அன்னைக்கே கொண்டாந்து தாறேன்" என்றாள்.

போட்டேன்.

நாட்கள் போயின. கடிதம் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவளே, "வா, அம்மன்கிட்டக் கேப்போம்" என்று கண்டியில் ஓர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். என் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வித்தாள். கண்ணை மூடி எனக்காகக் கும்பிட்டாள்.

கடைசி வாரத் திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் தொழிற்சாலைக்கே போனேன். கந்தோரில் சோமா மிஸ் என்று ஒரு சிங்கள அம்மா இருந்தார். கோப்பைப் புரட்டிப் பார்த்தார். தங்கச்சி என்பதற்குச் சிங்களத்தில் சொல்லும் 'நங்கி' என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

"நங்கி, உங்களுக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் அனுப்பினோமே. ஏன் வரல்ல?"

"கடிதம் வரல்ல, மிஸ்."

"அதே வீட்டு மற்றப் பிள்ளை வந்தாங்களே. அவங்களத்தான் எடுத்தோம்."

கடிதம் அனுப்பிய திகதியைக் காட்டினார். கோயிலுக்குப் போவதற்கு ஒரு வாரம் முந்திய திகதி. அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காராமல் அழுதுகொண்டே வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பு வாசலில் அவளைக் கேட்டேன்.

"அலுமாரியில இருக்கு. நீ போயிருந்தா உன்னத்தான் எடுத்திருப்பாங்க. உனக்கு மார்க்ஸ் இருக்கு, எனக்கு என்னடி இருக்கு?"

"அப்ப எதுக்கு எனக்காக அர்ச்சன பண்ணுன?"

அவள் திரும்பி வகுப்புக்குள் போய்விட்டாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். மாலைப் பூசைக்கு முந்திய நேரம், யாரும் இல்லை. நல்ல வார்த்தை எதுவும் என் வாயில் வரவில்லை. "அந்தக் கோயில்லயும் உன் முன்னாலதானே அவ நின்னா? நீயும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த?" என்று அம்மனிடமே சண்டை போட்டேன். அவளுக்கு அந்த இடம் நிலைக்கக் கூடாது என்று கேட்டேன். அழுது ஓய்ந்த பிறகுதான், "எனக்கு ஒரு வழி காட்டு தாயே" என்று சொல்ல முடிந்தது.

வியாழக்கிழமை விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டார். வத்தேகமவில் மிளகு, சாதிக்காய் ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்திலிருந்து என்னைக் கேட்டு அழைப்பு வந்திருந்தது. அன்றே ஓடினேன். ஆய்வுகூடத்தில் அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். கடிதத்தைக் கையிலேயே தந்தார்கள். வெள்ளி காலை கல்லூரியில் கொடுத்தேன்.

யார் என் பெயரைச் சொன்னது என்று பிறகுதான் தெரிந்தது. சோமா மிஸ். நான் அழுதுகொண்டு போனது மனதை விட்டுப் போகவில்லையாம். என் விண்ணப்பத்தை மேலதிகாரியிடம் காட்டி, வத்தேகமவில் தெரிந்தவர்களோடு பேச வைத்திருக்கிறார். பிறகு அவரைச் சந்தித்தபோது, எப்போது பேசினார்கள் என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை, நங்கி. பின்னேரம், வீட்டுக்குப் போக வெளிக்கிடுற நேரம்."

நான் கோயிலில் அம்மனோடு சண்டை போட்ட அதே நேரம்.

பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தந்தார்கள். அம்மா கொழுந்துக்குப் போவது நின்றது. இப்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் விண்ணப்பங்களை நான்தான் பார்க்கிறேன். தோட்டத்துப் பிள்ளை என்றால் கடிதம் கைக்குக் கிடைத்ததா என்று விசாரிக்காமல் விடுவதில்லை.

கீர்த்தனாவும் நன்றாகத்தான் இருக்கிறாள். அவளுக்கு எதிராக நான் கேட்டதை அம்மன் தரவில்லை. பல வருடம் அதுவும் எனக்குக் குறையாக இருந்தது. அவளை முழுதாக மன்னித்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். பெயரைக் கேட்டால் முகத்தைத் திருப்புவேன். இப்போது அது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

உங்களில் யாராவது நம்பினவர்களால் ஏமாற்றப்பட்டிருந்தால், மனம் சுத்தமாகட்டும், பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே போங்கள். திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள். என் தாய் என்னை அப்படித்தான் ஏற்றுக்கொண்டாள்.