இல்கர் கணவாய் வழியாகப் பெண் கேட்கப் போனது

தமால் ஊரைத் தாண்டியதும் ரமீஸ் வண்டியின் வேகத்தைக் குறைப்பான். சட்டைப்பைக்குள் இரண்டு விரலை விட்டு, கல்போல் இறுகிய கட்டிச் சர்க்கரை ஒன்றை எடுப்பான். மேலே ஒட்டியிருக்கும் பஞ்சை ஊதித் தள்ளுவான். முன்பற்களால் ஒரே கடி. பாதி வாய்க்குள், பாதி மறுபடி பைக்குள். வாய்க்குள் போனதை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, உதட்டை மூடிக்கொண்டு இல்கர் கணவாயில் ஏற ஆரம்பிப்பான். உச்சியில் உயரம் எழுதிய பலகை வரும்வரை அந்தச் சர்க்கரை தீரக் கூடாது. தீர்ந்தால் அவன் பதறிவிட்டான் என்று அர்த்தம். சர்க்கரையை வாயில் அடக்கித் தேநீர் குடிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் பெரிய வித்தையில்லை. ஆனால் தேநீரே இல்லாமல் அடக்குகிறவன் அவன் ஒருவன்தான்.

இதில் பயணிகளுக்கு ஒரு வசதி இருந்தது. ஏற்றம் முடியும்வரை அவனால் பதில் பேச முடியாது. துருக்கியின் வடகிழக்கு மூலையில் பதினாறு வருடமாக அர்தஹானுக்கும் போசோஃபுக்கும் மினிபஸ் ஓட்டுகிறவனைப் பற்றி யாருக்கு என்ன தோன்றினாலும், அந்த இருபது நிமிடத்துக்கென்று சேர்த்து வைத்திருந்து சொன்னார்கள்.

சொல்வதற்கும் நிறைய இருந்தது. முப்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. எந்த வளைவில் வெயில் பத்து மணிக்கு மேல்தான் விழும், எந்தப் பாலத்தின் மேல் ஈரம் முதலில் உறையும் என்று தெரிந்தவனுக்கு, எதிரே நிற்கும் மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாது. பயணிகளோடு பேசுவதானால் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைப் பார்த்துப் பேசுவான். நெசிபேயையும் அப்படித்தான் பார்த்தான். போசோஃபில் மருந்துக்கடையில் வேலை செய்கிற அவள், வியாழக்கிழமைதோறும் சரக்கு எடுக்க அர்தஹான் போய்வருவாள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் இறங்கும்போது, "கண்ணாடிய கொஞ்சம் இறக்கி வைங்க. இப்ப என் நெத்தி மட்டும்தான தெரியும்?" என்றாள். அன்று ரமீஸ் வண்டியைக் காலியாகவே மேலும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தான்.

பெண் கேட்டுப் போவது இரண்டு முறை தள்ளிப்போயிற்று. முதல் முறை மண்சரிவு. இரண்டாம் முறை தாய்மாமன் ஜெலிலைத் தேனீ கொட்டி, முகம் பூசணிக்காய் போல வீங்கிவிட்டது. பேச வேண்டிய பெரியவர் அவர்தான். அந்த முகத்தோடு எப்படிப் போவது? நெசிபேயின் அப்பா யாகூப் ஆள்விட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள வரணும். மூணாவது தடவையும் வரலைன்னா, டிரைவருக்கு என் வீட்டு வழி தெரியலைன்னு எடுத்துக்குவேன். அப்புறம் வரவே வேணாம்."

அந்த வெள்ளிக்கிழமை அக்டோபர் இருபத்துநாலு. பனிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்த நாள். வண்டி வரிசையில் அன்றைய முறை ரமீஸுடையது. விட்டுக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஆகவே மணமகன் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங் பிடித்தான். பக்கத்தில் மாமன் ஜெலில், "இறைவன் ஆணைப்படி, நபி வாக்குப்படி..." என்று பெண் கேட்கையில் சொல்ல வேண்டிய வாசகத்தை முணுமுணுத்து, பாதியில் தொலைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பின்னால் பதினோரு பேர். அவர்களில் மகள் வீட்டுக்குப் போகிற சிர்மா அக்கா மூன்று வாத்துகளைச் சாக்கில் கட்டிக் கழுத்தை மட்டும் வெளியே விட்டிருந்தாள். இன்னொருவர் நூற்றிருபது கிலோ கசாப்புக்கடைக்காரர் முஹித்தின்.

சர்க்கரை வாய்க்குள் போனதும் ஆரம்பித்தார்கள்.

"சவரம் பண்ணதுல பாதித் தோல் போயிருச்சே மாப்ளே," என்றாள் சிர்மா அக்கா. "மிச்சத்தையாவது பொண்ணுக்கு வச்சிருக்கியா?"

"டைய இறுக்கக் கட்டியிருக்கான்," என்றார் முஹித்தின். "ஓடிறக் கூடாதுன்னு மாமா கட்டிவிட்டது போல."

ரமீஸ் கண்ணாடியில் முறைத்தான். அதற்கு மேல் அவனால் ஆகாது.

நாலாவது வளைவில் தூறல் பனித்துகளாக வெளுத்தது. ஐந்தாவதில் பனி படுக்கைவாட்டில் வந்தது. ரமீஸ் ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கிக் காது கொடுத்தான். ஈரச் சாலையில் டயர் சீறும், பனியில் நறநறக்கும். ஆறாவது வளைவில் இரண்டும் இல்லை. சக்கரங்கள் பேச்சை நிறுத்திவிட்டன. அடியில் பனிக்கட்டி. பிரேக்கைத் தொடாமல் காலை மெல்ல எடுத்தான். அப்படியும் வண்டியின் பின்பக்கம், கல்யாண வீட்டில் யாரையோ தேடுகிறவரைப் போல, நிதானமாக ஒரு பக்கம் திரும்பியது. குறுக்காக நின்றது.

'கடக்' என்று ஒரு சத்தம். சர்க்கரையை ரமீஸ் கடித்து விழுங்கியிருந்தான். பதினாறு வருடத்தில் முதல் தடவை.

"சக்கரத்துக்குப் பனிச் சங்கிலிய மாட்டு," என்றார் ஜெலில்.

"வீட்ல இருக்கு."

"மணல் மூட்டை?"

"அதுவும் வீட்ல."

"வருஷம் பூரா பின்னாடியே கெடக்குமேடா!"

"நேத்து வண்டியக் கழுவுனேன். பொண்ணு வீட்டு வாசல்ல துருப்பிடிச்ச சங்கிலியோட போய் நிக்கச் சொல்றீங்களா மாமா?"

"இப்ப வாசலே இல்லாத எடத்துல நிக்கிறியே, இது பரவால்லியா?" என்றாள் சிர்மா அக்கா.

மணி இரண்டேகால். தொலைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பின்சக்கரத்தில் இழுக்கிற வண்டி அது. பின்னால் பாரம் இல்லையென்றால் நின்ற இடத்திலேயே சுழலும். மணல் இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள். ரமீஸ் எழுந்து திரும்பி, முதன்முறையாகக் கண்ணாடியில் அல்லாமல் நேராகவே அவர்களைப் பார்த்தான்.

"கனமானவங்க எல்லாம் கடைசி வரிசைக்குப் போங்க."

யாரும் அசையவில்லை. கனமானவர் என்று தன்னை நினைக்கிறவர் அந்த வண்டியில் இல்லை.

"முஹித்தின் அண்ணே, நீங்க சக்கரத்துக்கு நேரா மேல. சிர்மாக்கா, நீங்க எவ்ளோ இருப்பீங்க?"

"என் புருஷனே இருபத்தஞ்சு வருஷமா கேட்டுட்டிருக்காரு. ஒனக்குச் சொல்லிருவேனா?" என்றபடியே எழுந்து பின்னால் போனாள். ஒல்லியானவர்கள் ஐந்து பேர் இறங்கித் தள்ளினார்கள். கால்மிதிகளை உருவிச் சக்கரத்தடியில் கொடுத்தார்கள். சாலையோரச் சரளையைக் கைக்குட்டையில் அள்ளிவந்து கொட்டினார்கள். முஹித்தின் இடம் பிடித்து அழுத்தி உட்கார்ந்தபோது அடியில் அட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது.

"தம்பி, இங்க என்னமோ இருந்துச்சு," என்றார் அவர்.

பெண் வீட்டுக்கு வாங்கிய சாக்லேட் பெட்டி. இப்போது கட்டில் விரிப்பு மாதிரித் தட்டையாக இருந்தது.

இதற்கிடையில் சாக்கிலிருந்து ஒரு வாத்து நழுவிக் கீழே குதித்து, பனியை அள்ளி அள்ளித் தின்றது. சிர்மா அக்கா ஜன்னலைத் தட்டிக் கூவினாள்: "பனி தின்னுருச்சு! இனிமே அறுக்கலாம்!" முதல் பனியைத் தின்னாத வாத்தை அந்தப் பக்கத்தில் யாரும் அறுக்க மாட்டார்கள். இரண்டு பேர் துரத்தியும் பிடிபடாமல், கடைசியில் தானாகவே படியேறி உள்ளே வந்தது. அதையும் பின்வரிசைக்கு அனுப்பினான் ரமீஸ். நாலு கிலோ என்றாலும் கனம் கனம்தானே.

இரண்டாம் கியரில், முட்டைமேல் கால் வைப்பதுபோல ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். வண்டி திமிறி நிமிர்ந்தது. உச்சிப் பலகையைத் தாண்டும்போது மணி மூன்று.

இறக்கத்தில்தான் அதிசயம் நடந்தது. சர்க்கரை இல்லாத ரமீஸ் பேசினான். வாய் ஓயாமல் பேசினான். "இது கழுதை வளைவு, இங்க பிரேக்கத் தொட்டவன் கீழ இருக்கான். இதோ இப்ப வெளிய சாயும், யாரும் கத்தக் கூடாது, நான் கத்துவேன். முஹித்தின் அண்ணே, நகராதீங்க, நீங்கதான் நங்கூரம்." கிண்டல் செய்துவந்த ஆட்கள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊமையாக இருந்தார்கள்.

போசோஃபுக்குள் நுழைந்ததும் கடைசி ஏற்றம். ரொட்டிக்கடையிலிருந்து யாகூப் வீடுவரை செங்குத்தான தெரு, கண்ணாடி பதித்ததுபோல மினுங்கியது. மணி நாலாக ஆறு நிமிடம். ரமீஸ் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்தான். "கணவாயே ஏறியாச்சு. இது ஏறாது மாமா."

"கண்ணத் தொறந்து பாருடா," என்றார் ஜெலில்.

தெருவின் நடுவே சாம்பல் நிறத்தில் இரண்டு கோடுகள், சரியாக ஒரு வண்டியின் அகலத்துக்கு, மேல்வரை போயின. யாரோ அடுப்புச் சாம்பலைத் தூவியிருந்தார்கள். "நகராட்சிக்காரங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்!" என்று கத்திக்கொண்டே ரமீஸ் ஏற்றினான்.

யாகூப் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கால்சட்டையில் முழங்கால்வரை தூசி. அடுப்பைச் சுத்தம் செய்திருப்பார் போல. "மூணு நிமிஷந்தான் பாக்கி. இவங்க எல்லாரும் யாரு?"

"பாரம்," என்றான் ரமீஸ் உண்மையாகவே.

பதினோரு பேரையும் அந்தக் குளிரில் வெளியே நிறுத்த முடியுமா? எல்லோரும் உள்ளே போனார்கள். சாக்லேட் இல்லாத ரமீஸின் கையில் சிர்மா அக்கா பனி தின்ற வாத்தைத் திணித்தாள். ஜெலில் மாமன் எழுந்து, "இறைவன் ஆணைப்படி..." என்று தொடங்கி வழக்கம்போல நின்றார். பின்வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் முடித்துவைத்தார்கள். வழியெல்லாம் கேட்டதில் மனப்பாடம் ஆகியிருந்தது. முஹித்தினுக்குத்தான் குரல் பெரியது; பார்த்தவர்கள் அவருக்கே பெண் கேட்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நெசிபே காப்பி கொண்டுவந்தாள். பொறுமையைச் சோதிக்கிற வழக்கப்படி மாப்பிள்ளையின் கோப்பையில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. தாராளமாகவே போட்டிருந்தாள். ரமீஸ் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். யாகூப் தொண்டையைச் செருமினார். "வழி தெரிஞ்சிருக்கு. குடுத்துரலாம்," என்றார்.

கல்யாணம் முடிந்து, வசந்தத்தில் ஒருநாள் நகராட்சி ஆள் ஒருவரை வண்டியில் கண்டு, ரமீஸ் அந்தச் சாம்பலுக்கு நன்றி சொன்னான். அவர் விழித்தார். அன்றைக்கு நகராட்சி லாரி கொட்டகையைவிட்டே கிளம்பவில்லையாம். ரொட்டிக்கடைக்காரர்தான் நடந்ததைச் சொன்னார். அக்டோபரில் குளிர்காயும் வீட்டு அடுப்புகள் இன்னும் சரியாக எரியத் தொடங்கவில்லை, அதனால் சாம்பல் முழுக்க அவர் கடைப் பின்கட்டிலிருந்து போனதுதான். மண்வெட்டியால் தூவியது நெசிபே. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் சாம்பலை ஏற்றி மேலே தள்ளியது யாகூப். நாலு மணிக்கு மேல் வந்தால் கதவைத் திறக்கவே மாட்டேன் என்று ஏற்றம் முழுக்கத் திட்டிக்கொண்டே, ஒன்பது நடை.