பஸ்ஸில் போனாலும் மலை மலைதான்

1975 டிசம்பர் 14, மாலை நாலேகால் மணி, பனிமூட்டம். பாலக்காட்டுச் சமவெளியிலிருந்து மலைமேல் சித்திரபுரத்திலுள்ள மகள் வீட்டுக்குப் போய் இறங்கிய எனக்கு மூச்சு வாங்கியது.

நான் பழைய ஆஸ்துமாக்காரன். மலையேறும் முன் ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று பார்த்துவிடலாம் என்று கோவை டாக்டர் சொல்லியிருந்தார். "ஏனுங்க, அதெல்லாம் பிளேன்ல போறவங்களுக்குத்தானுங்களே? நான் பஸ்லதானுங்க போறேன்" என்று நழுவிவிட்டேன்.

வாசலில் நின்று மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. "மாமா, உதடு நீலம் பாஞ்சிருச்சுங்க. எண்ணுனது போதும், ஜீப்புல ஏறுங்க!" என்றார் மருமகன். அடிவார ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் பேச்சு வந்தது; டாக்டரிடம் பஸ்ஸைச் சொல்லி நழுவிய கதையைச் சொன்னேன். "பஸ்ல வந்தா மலை குனிஞ்சு குடுக்குமுங்களா?" என்று மருமகன் அப்போதும் விடவில்லை.

இப்போதெல்லாம் பரிசோதனை செய்துகொள்ளாமல் மலைப் பக்கம் போவதில்லை. அதற்குப் பதினெட்டு ரூபாய். அன்று ஜீப்புக்கும் ஆக்ஸிஜனுக்கும் ஆனது நூற்று அறுபத்திரண்டு ரூபாய் நாற்பது பைசா.