ஏலகிரிக் கம்பியில் ஒரு மேல் ஷட்ஜம்

மயிலாப்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஆட்டோ இருநூற்றைம்பது ரூபாய். சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். என் மனைவி பத்மா கழுத்தில் கம்பளி மஃப்ளரும் மடியில் வெந்நீர் பிளாஸ்க்குமாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்த ஆட்டோக்காரர், "இன்னா சார், காஷ்மீருக்கா?" என்று கேட்டார். ஏலகிரி என்றேன். அதற்கா இத்தனை ஜபர்தஸ்து என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

விஷயம் இதுதான். பத்மா பாட்டு டீச்சர். எங்கள் வீட்டுக் கூடத்தில் காலையும் மாலையும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பாடுவார்கள். கோடையில் ஒருநாள், மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது அவள் குரல் பிசிறி உடைந்தது. மறுநாளும் உடைந்தது. குரல்நாணில் முடிச்சு, ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். அதுவும் முடிந்தது. முடிச்சு கரைந்துவிட்டது, தாராளமாகப் பேசலாம், மெல்லப் பாடியும் பார்க்கலாம் என்று அவர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. இவள்தான் திறக்க மாட்டேன் என்கிறாள். திறந்து பார்த்து, குரல் இல்லையென்றால்? அந்தப் பயம். குளத்தங்கரைக்குக் கறிகாய் வாங்கப் போனால் நாலு பேர், "குரல் வந்துடுத்தா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அவள் பாடுவாள் என்றே தெரியாத ஊருக்கு ஒருநாளாவது போய் வருவோம் என்று நான்தான் டிக்கெட் போட்டேன்.

ஜோலார்பேட்டை ஏறக்குறைய இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். இறங்கி, நாள் முழுக்க இரண்டாயிரம் என்று பேசி ஒரு கார் பிடித்தோம். மலைக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவு. நான் வாய் ஓயாமல் பேச, பத்மா விரலாலும் புருவத்தாலும் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதி மலையில் டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அம்மாகிட்ட நீங்களே விட்டுக்குடுத்துப் போயிடுங்க. பொழுது நல்லாப் போவும்."

சண்டை என்று நினைத்துவிட்டார் பாவம். பத்மா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், சத்தமில்லாமல். எத்தனை நாள் கழித்து! எனக்கு அப்போதே பயணச் செலவு வசூலாகிவிட்டது.

காலை பத்து மணிக்குப் புங்கனூர் ஏரி. பெடல் படகில் ஏறினோம். நான் அவசரக் குடுக்கை. நான் மிதித்த மிதியில் படகு நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. பத்மா என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அடுத்து விரல்களை எண்ணினாள். ஆதி தாளம்! மெதுவான விளம்ப காலத்தில் அவள் தட்டத் தட்ட நான் மிதித்தேன். கரையோரம் ஜம்மென்று ஒரு முழுச் சுற்று வந்தோம். பக்கத்துப் படகுக்காரர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டுமே.

ரிசார்ட்டில் பகல் நேரத்துக்கு மட்டும் ஆளுக்கு எழுநூறு, மதியச் சாப்பாடு உட்பட. வில் அம்பு விடுவதில் அவள் பலகையை அடித்தாள், நான் அதன் பின்னால் இருந்த பலாமரத்தை அடித்தேன். சாப்பிட்டு முடித்ததும் அவள் கை நீட்டிக் காட்டிய இடத்தைப் பார்த்து, வேண்டாமே என்றேன். ஜிப்லைன். ஒரு மேட்டிலிருந்து எதிர்மேட்டுக்குப் பள்ளத்தின் மேலே இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பி. இடுப்பில் பட்டை மாட்டித் தொங்கிக்கொண்டே போக வேண்டும். ஆளுக்கு முந்நூறு.

பட்டை மாட்டிவிட்ட பெண், கத்தினால் பயம் போய்விடும், நன்றாகக் கத்துங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்தாமல் போக முடியுமா என்று நான் கேட்டேன். அவள் சர்வீசில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை போலும். பத்மா மஃப்ளரைக் கழற்ற மறுத்து, கடைசியில் கழற்றினாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எனக்குத் தைரியம் காட்டினாள்.

முதலில் நான். போன வேகத்தில் ஊரைக் கூட்டிவிட்டேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. எதிர்மேட்டில் இறங்கி, பட்டையைக் கழற்றுவதற்குள் திரும்பிப் பார்த்தேன். அவளைத் தள்ளிவிட்டுவிட்டார்கள்.

பள்ளத்தின் நடுவில் வரும்போது அது கேட்டது. "ஆ" என்று கீழே தொடங்கி, வேகத்தோடு மேலே ஏறியது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குரலோடு குடித்தனம் நடத்துகிறேன், எங்கே உடையும் என்று எனக்குத் தெரியாதா? கம்பியைப் பிடித்திருப்பதுபோல முஷ்டியை மூடிக்கொண்டு நின்றேன். அந்த இடம் வந்தது. தாண்டியது. மேல் ஷட்ஜத்தில் போய் நின்று, நூல் பிடித்தாற்போல நீண்டு, அவள் கால் தரையில் படும்வரை நின்றது. மற்றவர்கள் அலறினார்கள், இவள் அலறியது சுருதியோடு.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணெல்லாம் நீர்.

"உடையலை," என்றாள். "கேட்டேளா? உடையவே இல்லை."

கேட்டேன் கேட்டேன் என்று தோள்பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தேன். வெந்நீரை ஊற்றிக் கொடுத்தேன். டாக்டர் திட்டுவார் என்றேன். நன்னாத் திட்டட்டும் என்றாள்.

மாலை ரயிலுக்கு ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் காத்திருந்தோம். மலைக்காற்றுக்குப் பிறகு அந்தப் புழுக்கம் எங்கள் மயிலாப்பூர் மாடவீதிப் புழுக்கத்துக்கு ஒத்திகை மாதிரி இருந்தது. ஒன்பது வாரமாக அவளுக்காக எல்லாரிடமும் பேசி, எல்லாருக்கும் மெசேஜ் போட்டு, எனக்கு அது பழகியே போய்விட்டது. திங்கட்கிழமையிலிருந்து கிளாஸ் உண்டு என்று பிள்ளைகளுக்குப் போடச் சொன்னாள். போனை எடுத்து இரண்டு எழுத்து தட்டியிருப்பேன்.

"இங்க குடுங்கோ," என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நானே பேசிச் சொல்லிக்கறேன்."