என் வேலை போன நாடு

நாடுகள் எப்படி வளர்கின்றன என்று டிவியில் கோட்டு போட்டவர்கள் பேசும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏற்றுமதி, முதலீடு, வளர்ச்சி என்று வாய் வலிக்காமல் சொல்வார்கள். அந்த மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் பார்த்தவள் நான். அங்கே காலர் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தேன். பாரிவாக்கத்திலிருந்து கம்பெனி வேன் எங்களை அள்ளிக்கொண்டு போகும். என் வீட்டில் மாதம் தவறாமல் வரும் சம்பளம் என்றால் என்னுடையது மட்டும்தான்.

நாங்கள் தைத்த சட்டை எல்லாம் ஒரே ஒரு வெளிநாட்டுக்குத்தான் போனது. அந்த நாட்டுக்காரன் நம் சரக்கின்மேல் வரியை ஏற்றினான். ஆர்டர் நின்றது. அவன் ஊரில் எவனோ போட்ட கையெழுத்துக்கு இங்கே எங்கள் ஓவர்டைம் போனது, பிறகு நாலு மணி டீ போனது, பிறகு ஆட்கள் போனார்கள். முதலாளி இழவு வீட்டுக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு புதுக் காரில் வந்து இறங்குவார்.

ஒருநாள் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். அவர் திருப்பூரிலிருந்து வந்து முகப்பேரில் ஃபிளாட் வாங்கியவர். வங்கி அதிகாரி கம்பெனியைப் பார்க்க வருகிறார், கடன் கிடைத்துவிட்டால் யாரையும் நிறுத்த மாட்டோம் என்றார்.

“துணி இல்லீன்னாலும் மிஷின் அத்தனையும் ஓடோணும்.”

கிடங்கில் கிடந்த ரிஜெக்ட் சட்டைகளை இறக்கிக் காலரைப் பிரித்தோம். அதிகாரி படியேறியதும் பிரித்ததையே மறுபடி தைத்தோம். நிறுத்திவிட்ட பெண்களைக்கூட அன்றைக்கு வரவழைத்து மிஷின் முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி வேனை விட்டு இறங்கும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாக்கா, கடன் கெடச்சா என்னியும் வச்சிப்பாங்களா?”

வைத்துக்கொள்வார்கள் என்றேன். நம்பித்தான் சொன்னேன். அதிகாரி ஒரு சட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஓடுகிற மிஷின்களைப் போட்டோ எடுத்துக்கொண்டார், ஏசி அறையில் இளநீர் குடித்தார், போய்விட்டார்.

கடன் வந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே, அதுதான் நடந்தது. அந்தப் பணத்தில் முதலாளி வேறொரு நாட்டில் ஷெட் போட்டார். அங்கேயிருந்து அனுப்பினால் வரி கம்மியாம். இதை எங்களிடம் ஒரு பாவியும் சொல்லவில்லை. மிஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றியபோது சர்வீசுக்குப் போகிறது என்றார்கள். அது ஹார்பருக்குப் போனது வேன் டிரைவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சில வாரம் கழித்து மேனேஜர் என்னை மிச்சமிருந்த ஒரு மிஷின் முன்னால் உட்காரவைத்து எதிரே போனை நிறுத்தினார். திரையில் அந்த நாட்டுப் பெண்கள், எங்கள் மிஷின்களின் முன்னால். ஆயுதபூஜைக்கு நாங்கள் வைத்த குங்குமம் அவற்றில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. காலர் தைப்பதை இவர்களுக்குக் காட்டிக்கொடுங்கள், அவர்கள் கற்றுக்கொள்ளும்வரை உங்களுக்குச் சம்பளம் உண்டு என்றார். அவர்களுக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டேன்.

“உங்களுதுல பாதிதானுங்க. அவிய நாடும் வளரோணுமல்லங்க.”

“அப்போ என் ஊட்ல இன்னா சார் வளரும்?”

அவர் போனைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

முன்வரிசையில் இருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, அவளும் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவள்தானே என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு இதமாக இருக்கும். கோபம் இருந்தது. நிறையவே இருந்தது.

காலர் முனை கூராக வர வேண்டுமென்றால், தைக்கும்போதே மூலையில் ஒரு நூலைச் சேர்த்து வைத்து, துணியைத் திருப்பும்போது அந்த நூலைப் பிடித்து இழுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினேன். நூலை மட்டும் காட்டவில்லை. அவளுக்கு முனை மழுங்கி மழுங்கி வந்தது. கத்தரி நுனியால் குத்தி நிமிர்த்தப் பார்த்துத் துணியைக் கிழித்துக்கொண்டாள். இவர்களுக்கு இன்னும் பல நாள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று மேனேஜரிடம் சொன்னேன்.